மருதமுனைக்குப் போன விரல்

போன வாரம் அபுல் ஹஸனைப் பற்றிக் கொஞ்சம் இரக்கமாக எழுதிவிட்டேன். ‘பாவம் அந்த மனுசன், ஓய்வுக்குப் பிறகு கைவேலை ஒன்று பழகுகிறார், அதற்குப் போய்ப் பெண்சாதி இப்படிக் கத்தலாமா’ என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அந்தச் சகோதரி ஒரேயொரு காலை சாய்ந்தமருதுக்கு வந்து அந்தப் பெண்சாதி பஹ்மிதாவின் குசினியில் நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு யார் கத்துகிறார் என்று பார்ப்போம்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தக் குசினியில் கழுவும் தொட்டித் தண்ணீர் இறங்கவில்லை. குழாய்க்குள் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் இறுகிப் போயிருந்தது. வட்டிலப்பம் அவிக்கிற கிண்ணத்துக்குள் டீவி ரிமோட் ஒன்றின் அச்சு படுத்திருந்தது. தேங்காய்ப்பால் வடிக்கிற சீலையை இரண்டு நாளாகக் காணவில்லை. தேநீருக்குச் சீனி அள்ளப் போன பஹ்மிதா, கரண்டியை மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

“இஞ்சப் பாருங்க. சீனிப் போத்தலுக்குள்ள என்ன இரிக்கி?”

“பிளாஸ்டர் தூள். காத்துப் பட்டாப் பழுதாகிரும் எண்டு மூடி வெச்சிரிக்கன்” என்றார் அபுல் ஹஸன், முன் அறையிலிருந்து.

“அப்ப சீனி?”

“சீனி காத்துப் பட்டா என்ன செய்யப் போகுது?”

முப்பத்தொரு வருடம் அரச களஞ்சியமொன்றில் பொறுப்பாளராக இருந்த மனிதர் அவர். எந்தச் சாமானுக்கும் மேலதிகமாக ஒன்று இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஜனவரியில் ஓய்வு பெற்றார். பெப்ரவரியில் யூடியூப்பில் அச்சு எடுக்கிற ஒருவரைப் பார்த்தார். மார்ச்சில் உடைந்த மின்விசிறிக் குமிழுக்கு வீட்டிலேயே நகல் வார்த்துப் பூட்டினார், மின்விசிறியும் சுற்றியது. அது சரிவந்ததுதான் பிழையாகப் போயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் அசையாமல் கிடந்த பொருள் எல்லாவற்றுக்கும் நகல் உண்டு.

இந்தப் பைத்தியத்தைப் பஹ்மிதா எப்படியாவது பொறுத்துக்கொண்டிருப்பாள். அது மகளின் கலியாணத்துக்குள் நுழைந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மகள் ஸம்றாவுக்கும் மருதமுனை ஸப்ரிக்கும் நிக்காஹ் நடக்க இன்னும் இரண்டு மாதம். ஸப்ரிக்குக் கட்டாரில் வேலை. மோதிரத்தை அங்கேயே வாங்குவதாகச் சொல்லி விரல் அளவு கேட்டிருந்தான். ஸம்றா நூல் கட்டி அளந்து அனுப்பினாள், ஒரு தடவை சொன்ன அளவு மறு தடவைக்குப் பொருந்தவில்லை. போன வருடம் ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததில் அவளுடைய மோதிர விரலின் மொளி, அதாவது நடுக்கணு, வீங்கியது, வீங்கியபடியே நின்றுவிட்டது. மொளியைத் தாண்டுகிற மோதிரம் அடியில் கழன்று ஓடும், அடிக்குச் சரியான மோதிரம் மொளியைத் தாண்டாது. ‘நூலால அளக்கிற விசயமா இது? விரலையே அனுப்புவம்’ என்று வாப்பா எழும்பியதோடு சென்ற வாரம் நிறுத்தினேன்.

பிளாஸ்டரில் வார்த்த அந்த விரல் இப்போது வீட்டில் இல்லை. திங்கட்கிழமை பின்னேரமே அபுல் ஹஸன் அதைப் பார்சல் கட்டி, மோட்டார் சைக்கிளில் மருதமுனைக்குக் கொண்டுபோய், மாப்பிள்ளையின் தாய் சபியா உம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். சபியா உம்மாவின் தம்பி மகன் முஸ்தாக் செவ்வாய் பின்னேரம் கட்டாருக்குப் புறப்படுகிறான். அவன் கையில் அது போய்ச் சேரும் என்பது ஏற்பாடு.

ஒன்பது மணிக்குப் பஹ்மிதாவின் போன் அடித்தது.

“பஹ்மிதா, நான் சபியா. ஒங்கட மகள்ட விரல என்னத்துக்கு என்ட மகனுக்கு அனுப்பிரிக்கீங்க?”

“அது மோதிர அளவுக்கு...”

“அளவுக்கா? செகப்பு நூலு சுத்தி மூணு முடிச்சுப் போட்டிரிக்கி. வெள்ளச் சீலைல சுத்திரிக்கி. நகத்துல மருதோண்டி. அத்தர்ப் பெட்டிக்குள்ள வெச்சிரிக்கி. நான் என்ன நேத்துப் பொறந்த பொம்பளயா?”

முடிச்சு என்ற சொல்லைக் கேட்டதுமே சூனியத்தை நினைக்காத, முடிச்சில் ஊதுகிறவர்களிடமிருந்து பாதுகாப்புத் தேடி ஓதுகிற குர்ஆன் சூறாவை வாய்க்குள் முணுமுணுக்காத பெண் எங்கள் ஊர்ப் பக்கம் இல்லை.

“அல்லாட காவல், தாத்தா, அப்பிடி ஒண்டும் இல்ல” என்றாள் பஹ்மிதா. வயதில் மூத்தவளை எங்கள் பக்கத்தில் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். சபியா உம்மாவுக்கு அன்று அந்த மரியாதை ஏறவில்லை.

“ஒங்கட ஆளு என்ன சொல்லித் தந்தாரு தெரியுமா? ‘இது தம்பிக்கு மட்டும்தான், நீங்க பிரிக்க வேணா’ எண்டாரு. என்னெண்டு பாக்காம ஏத்த ஏலா எண்டு முஸ்தாக் இண்டைக்குக் காலத்தால சொன்னதாலதான் பிரிச்சன். கலியாணத்துக்கு முந்தியே என்ட மகன வசியம் பண்ணப் பாக்கிறீங்க. இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேணா. முஸ்தாக் அஸருக்குப் பொறகு பஸ் ஏறுவான், அவன்கிட்டயே ஸப்ரிக்குச் சொல்லி அனுப்பப் போறன்.”

போன் வைக்கப்பட்டது.

பஹ்மிதா முன் அறைக்குப் போனாள். அபுல் ஹஸன் கதவுக் கைப்பிடி ஒன்றுக்கு வசிலின் பூசிக்கொண்டிருந்தார்.

“பிரிக்க வேணாண்டு சொன்னீங்களா?”

“ஓம். நகம் ஒடஞ்சிருமே.”

“அது என்னெண்டு சொன்னீங்களா?”

“மஃரிபுக்குப் பாங்கு சொல்லிட்டான். நின்டு விளக்க நேரமில்ல.”

“ஒரு பொம்பளப் புள்ளைட விரல, மருதோண்டி போட்டு, நூல் கட்டி, ஒரு தாய்ட கையில குடுத்திட்டு, ஒண்டும் சொல்லாம தொழப் போயிட்டீங்க!”

“தொழப் போனது பிழையா?” என்றார் அபுல் ஹஸன்.

பஹ்மிதா நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்குக் காரணம் இருந்தது. போன வருடம் ஸம்றாவுக்கு வந்த முதல் சம்பந்தம் நாள் குறிக்கிற அளவுக்குப் போய், காரணம் சொல்லாமல் முறிந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் பஹ்மிதா ஒரு கலியாண வீட்டுக்கும் போகவில்லை. இதுவும் முறிந்தால், அதுவும் சூனியம் என்ற பெயரோடு முறிந்தால், மூன்றாவதாக ஒருவர் அந்தப் படி ஏறமாட்டார். ஸம்றாவுக்கோ மூன்றாவது ஆள் தேவையே இல்லை. அவளுக்கு ஸப்ரிதான் வேண்டும். அதை அவள் யாரிடமும் ஒளிக்கவில்லை.

அவள் அறையிலிருந்து அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பை.

“ஓட்டோவக் கூப்பிடுங்க வாப்பா. மருதமுனைக்குப் போவம்.”

“நீ எங்க வாறாய்? நிக்காஹுக்கு முந்தி மாப்பிள்ள வீட்டுக்குப் போற பொண்ண எந்த ஊருல கண்டாய்?” என்றாள் பஹ்மிதா.

“விரல் போயிட்டுதானே உம்மா. மத்தது போனா என்ன?”

“பைக்குள்ள என்ன?”

“பல் டொக்டர்மார் அச்செடுக்கிற தூள். வாப்பாட அலுமாரில இரிந்திச்சி.”

“அந்தக் கண்றாவியையும் தூக்கிட்டா வாறாய்?”

“கதைச்சா விளங்காது உம்மா. செஞ்சுதான் காட்டணும்.”

கல்முனை ஊடாக மருதமுனைக்குப் போகும் வழியில் அபுல் ஹஸன் ஒரு தடவை, “அந்த நகத்துக்கு நான் மூணு மணித்தியாலம் செலவழிச்சன்” என்றார். பஹ்மிதா பார்த்த பார்வையில் ஓட்டோக்காரரே கண்ணாடியைத் திருப்பிக்கொண்டார்.

சபியா உம்மா வாசலிலேயே நின்றார். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் ஓய்ந்திருந்தது. விசயம் அங்கே போய்விட்டது என்பது பஹ்மிதாவுக்கு விளங்கிற்று. முற்றத்து மணலில் ஒரு அலுமினியச் சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஒரு செங்கல், சுற்றிவர உப்பு.

“அதுக்குள்ளதான் இரிக்கி” என்றார் சபியா உம்மா. “நான் தொடல்ல. முஸ்தாக்தான் இடுக்கியால தூக்கி வெச்சான்.”

“இடுக்கியாலயா? கீறல் விழுந்திருக்குமே!” என்று அபுல் ஹஸன் பதறிப்போய்ச் சட்டியைத் தூக்கினார். உப்பு சிதறியது. சபியா உம்மா ஓதத் தொடங்கினார்.

பிறகு விளக்கம் நடந்தது. களஞ்சியப் பொறுப்பாளர் கணக்காய்வாளருக்குப் பதில் சொல்கிற மாதிரி அபுல் ஹஸன் ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்று முடிச்சும் மூன்று அளவு, அடி ஒன்று, மொளி ஒன்று, நுனி ஒன்று. விரல் வழியில் உடைந்தாலும் நூல் இருக்கும். நூல் ஏன் சிவப்பு? வெள்ளைச் சீலையில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. சீலை ஏன் வெள்ளை?

“அது தேங்காய்ப்பால் வடிக்கிற சீல. அது வெள்ளயாத்தான் இரிக்கும்.”

“என்ட பால் சீலையா அது?” என்று பஹ்மிதா கத்தினாள். “ரெண்டு நாளாத் தேடுறன்!”

ஸம்றா முன்னுக்கு வந்து, மணலில் கிடந்த விரலை எடுத்து, தன் விரலுக்குப் பக்கத்தில் பிடித்தாள். “பாருங்க மாமி. அதே வீக்கம், அதே தழும்பு. மருதோண்டி கூட்டாளிட கலியாணத்துக்குப் போட்டது, அதையும் பாத்து வாப்பா வரஞ்சிரிக்காரு. அச்சுல எடுத்த சும்மா பிளாஸ்டர்தான் மாமி.”

சபியா உம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒன்ட விரல் மாதிரியே இரிக்கிறதாலதானே புள்ள பயம்” என்றார். “வேற மாதிரி இரிந்தா நான் ஏன் பயப்படுறன்?”

இதற்கு மேல் கதைத்துப் பயனில்லை என்று ஸம்றாவுக்குப் பட்டது. பையைத் திறந்தாள். “உள்ளுக்கு வாங்க மாமி. ஒங்கட வாளி, ஒங்கட கெணத்துத் தண்ணி. பிஸ்மி சொல்லி நீங்களே கலக்குங்க. ஒங்கட கையவே அச்செடுப்பம். அதுல சூனியம் இரிந்தா சம்பந்தம் வேணாண்டு நானே சொல்லிட்டுப் போறன்.”

சபியா உம்மா மறுக்கத்தான் வாய் திறந்தார். ஆனால் கண் வாளிக்குப் போய்விட்டது. அப்படியொரு சாமான் எப்படி வருகிறது என்று பார்க்காமல் விட அந்த மனுசிக்கும் மனமில்லை.

பெண்களின் கைவேலை என்பதால் அபுல் ஹஸன் விறாந்தையில் நிறுத்தப்பட்டார். தச்சுவேலை ஓடாவி ஒருவரைக் கட்டிப்போட்டுவிட்டு அவர் முன்னால் பலகை அறுத்த மாதிரி ஆயிற்று. திரைச்சீலைக்கு அப்பாலிருந்து கட்டளைகள் வந்தபடி இருந்தன.

“கட்டி விழாமக் கலக்கணும்!”

“தெரியும் வாப்பா.”

“கைய வாளிட அடில முட்ட விடாதீங்க!”

“வாப்பா, சும்மா இரிங்க!”

இளஞ்சிவப்புக் கூழுக்குள் சபியா உம்மாவின் வலது கை மணிக்கட்டு வரைக்கும் இறங்கியது. “குளிருது” என்றார்.

“ஏழெட்டு நிமிசத்துல இறுகிரும் மாமி. அது வரைக்கும் அசைக்க ஏலா. அசைச்சா அச்சு கலங்கிரும்.” ஸம்றா அவருடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஏழெட்டு நிமிடம் ஒரு பெண்ணை அசையாமல் ஓரிடத்தில் இருக்க வைப்பது எங்கள் ஊரில் நடக்காத காரியம். வேலை செய்ய முடியாது, எழும்பிப் போக முடியாது, போனைப் பார்க்க முடியாது. சபியா உம்மாவுக்குக் கதைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

“சூனியமெண்டு நான் கத்தினது வேற ஒண்டுக்காக, புள்ள” என்றார், வாளியைப் பார்த்தபடி. “கலியாணம் முடிஞ்சா என்ட மகன் ஒங்கட வீட்டுக்குத்தான். அது முறை. நானும் என்ட மனுசன அப்பிடித்தான் கூட்டிட்டு வந்தன். அவர்ட உம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமயும் வாசலப் பாத்துட்டு இரிப்பாவாம். அப்ப எனக்கு அது வெளங்கல்ல. ஸப்ரி கட்டாருக்குப் போய் நாலு வருசம். வந்தா நேர ஒங்கட வீடு. நான் அவன எப்ப பாக்கிறது?”

பஹ்மிதா கதவோரம் நின்றாள். காலையிலிருந்து மூண்டிருந்த கோபம் முழுக்க அவளை விட்டு இறங்கியது. இந்த மனுசி அவளைத் திட்டியது மகனை இழக்கிற பயத்தில். அந்தப் பயம் அவளுக்குப் புரிந்தது. தனக்கு மகள் மட்டும்தான், மகள் எங்கேயும் போகமாட்டாள், அந்த வகையில் அல்லாஹ் தன்னைச் சோதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

“தாத்தா, அவரு ஒவ்வொரு வெள்ளிக்கிழமயும் ஒங்கட வீட்டுலதான் சாப்பிடுவாரு. அதுக்கு நான் பொறுப்பு” என்றாள்.

சபியா உம்மா நிமிர்ந்து பார்த்தார். முகம் இளகியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஜன்னலில் இருந்த போன் அடித்தது.

“ஸப்ரியாத்தான் இரிக்கும். முஸ்தாக் சொல்லிருப்பான். எடுங்க பஹ்மிதா, எனக்கு ஏலாதே.”

பஹ்மிதா எடுத்துப் பிடித்தாள். ஸம்றா முக்காட்டை இழுத்துவிட்டுக் கமராவுக்குத் தெரியாமல் முகத்தை விலக்கிக்கொண்டாள், மணிக்கட்டை மட்டும் விடவில்லை. திரையில் ஸப்ரி, வேலைத்தலத் தொப்பியோடு.

“உம்மா, முஸ்தாக் என்னமோ சொல்றான், கலியாணம் நிக்கிதெண்டு? அது என்ன வாளி?”

“கலியாணம் நிக்கல்ல மகன். நான்தான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டன்” என்றார் சபியா உம்மா. ஸம்றாவின் பிடி இறுகியதை அவர் உணர்ந்திருக்க வேண்டும், ஒரு தடவை அவளைப் பார்த்துச் சிரித்தார். “இஞ்ச ஒன்ட மாமியும் இரிக்கா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமயும் ஒன்ன இஞ்ச அனுப்புவாவாம். நீயும் ஒன்ட வாயால சொல்லு.”

ஸப்ரி தொப்பியைக் கழற்றினான்.

“உம்மா, ஸம்றா ஒண்டும் சொல்லல்லயா?”

“என்னத்த?”

“கம்பனில குடும்ப விசா தந்திரிக்காங்க. நிக்காஹ் முடிஞ்சு பதினஞ்சாம் நாள் ரெண்டு பேரும் இஞ்ச வாறம். அஞ்சு வருசத்துக்கு எழுதிக் குடுத்திட்டன். கலியாணத்துக்கு வரக்குள்ள நேர்ல சொல்லுவம் எண்டுதான் இரிந்தன்.”

பஹ்மிதாவின் சாய்ந்தமருது வீடு அவளுடைய உம்மா அவளுக்குத் தந்தது. ஸம்றாவுக்காக மேல்மாடி கட்டி, அறைக்கு என்ன நிறம் என்று மூன்று மாதம் யோசித்து, தானும் மனுசனும் ஒதுங்கிக்கொள்ளப் பின்னால் இரண்டு அறை போட்டிருந்தாள். அந்த அறைகளில் இருந்துகொண்டு யாரைப் பார்ப்பது? புருசனோடு கோபப்படுவது எவ்வளவு சுகமான விசயம் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. இதற்குக் கத்த வரவில்லை.

“ஒனக்குத் தெரியுமா?” என்றாள் மகளிடம்.

ஸம்றாவின் கண் நிறைந்திருந்தது. “ரெண்டு மாசமாத் தெரியும் உம்மா. சொல்லப் பயமா இரிந்திச்சி. எனக்குப் போகணும் உம்மா, அதான் பயம்.”

சபியா உம்மா கையை இழுக்கப் போனார்.

“அசையாதீங்க மாமி” என்றாள் ஸம்றா, அழுதுகொண்டே. “இன்னம் ஒரு நிமிசம்.”

சபியா உம்மா அசையவில்லை. திரையில் மகன் ‘உம்மா, உம்மா’ என்றான். கடைசியில் அவனே போனை வைத்துவிட்டான்.

வெளியிலிருந்து அபுல் ஹஸன், “இறுகிட்டா?” என்று கேட்டார்.

“பஹ்மிதா, தங்கச்சி” என்றார் சபியா உம்மா. காலையில் போனில் கேட்ட குரல் அல்ல அது. “தூள் இன்னம் மிச்சமிரிக்கா?”

“இரிக்கி தாத்தா.”

“கெணத்தடில மத்த வாளி இரிக்கி. எடுத்திட்டு வாங்க. ஒங்கட கையையும் வைங்க. ஒங்கட ஆளு பிளாஸ்டர் ஊத்தித் தரட்டும், ரெண்டையும் முஸ்தாக்கிட்டயே குடுத்தனுப்புவம். அதுகள்ட வீட்டுல இனி நம்மட கையெண்டு இரிக்கப் போறது அதுதானே.”

பஹ்மிதா கிணற்றடியிலிருந்து வாளியை எடுத்து வந்தாள். பிறகு வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஜன்னலில் வைத்தாள்.

“கைய வைக்கன் தாத்தா” என்றாள், மகளின் முகத்தைப் பார்க்காமல். “ஆனா கட்டாருக்குப் போக நான் இன்னம் சம்மதம் சொல்லல்ல.”